மாமாவின் டைல்ஸ் பட்டறை கூகுளில் தெரிய ஆரம்பித்த கதை

மாமாவின் பட்டறைக்கு இணையதளம் இருந்தது. கூகுளில்தான் அது இல்லை. 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்று தேடினால் இடைத்தரகர்களின் தளங்கள், பெரிய விற்பனைத் தளங்கள், சுற்றுலாக் கட்டுரைகள் எல்லாம் வரும். ஆத்தங்குடியிலேயே உட்கார்ந்து, கண்ணாடி மேல் கலர் சிமெண்ட் ஊற்றிக் கையால் டைல்ஸ் செய்கிற மனிதரின் தளம் மட்டும் எத்தனை பக்கம் தள்ளிப் போனாலும் வராது. "காசு கொடுத்துப் போட்டதுதானே மாப்ள, ஏன் வர மாட்டேங்குது?" என்று கேட்டார். நான் மதுரையில் கணக்கு வேலை பார்க்கிறவன், இது என் துறை இல்லை. ஆனாலும் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். சிறு தொழில் செய்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

தளம் பின்வரிசையில் கிடக்கிறதா, இல்லை கூகுளுக்குத் தெரியவே தெரியாதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைப் போட்டால் கூகுளிடம் இருக்கும் நம் பக்கங்கள் வரும். எங்களுக்கு ஒன்றுகூட வரவில்லை.

காரணம் தெரிந்துகொள்ள, நம் தளத்தை கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் சேர்ந்தோம். இலவசம்தான். தளம் நம்முடையது என்று நிரூபிக்க கூகுள் ஒரு குறியீட்டைத் தரும். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், வாங்கிய இடத்தில் அந்தப் பெயருக்கான அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பகுதிக்குப் போய் அதை டிஎக்ஸ்டி (TXT) என்ற எழுத்துப் பதிவாகச் சேர்க்க வேண்டும். உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது தளம் செய்து கொடுத்தவரின் கணக்கில் இருந்தது. அவரைப் பிடித்து மாமா பெயருக்கு மாற்றி வாங்குவதற்குத்தான் இந்த மொத்த வேலையிலும் அதிக நாள் பிடித்தது.

அப்புறம் காரணம் உடனே தெரிந்துவிட்டது. முகப்புப் பக்கத்தின் முகவரியைக் கன்சோலில் கொடுத்துச் சோதித்ததும், 'நோஇண்டெக்ஸ்' குறிச்சொல் இருப்பதால் சேர்க்கவில்லை என்று காட்டியது. எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தது. அதன் அமைப்புகளில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு சின்னக் கட்டம் உண்டு. பாதி வேலையில் இருக்கும் பக்கங்கள் வெளியே தெரியக் கூடாது என்று அதை டிக் செய்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எங்கள் தளத்தில் அப்படியே இருந்தது. எடுத்துவிட்டு, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பைக் கன்சோலில் சமர்ப்பித்தோம். சில நாட்களில் முகப்புப் பக்கம் கூகுளில் வந்தது.

ஆனால் பட்டறையின் பெயரை ஆங்கிலத்தில் தேடினால்தான் வந்தது. தமிழில் எதைத் தேடினாலும் இல்லை. தளத்தைத் திறந்தாலோ தமிழ் பளிச்சென்று தெரிகிறது. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து என்னவோ வந்து விழுந்தது. பாமினி! அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் காலம் காலமாக ஓடிய பழைய எழுத்துரு. அதில் நமக்குத் தெரிவது தமிழ் வடிவம். கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை. நோட்டீசுக்கு அடித்த வாசகத்தை அப்படியே தளத்தில் போட்டு, எழுத்துருவையும் கூடவே ஏற்றியிருந்தார்கள். படிக்கிறவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. கூகுளுக்கோ ஒரு தமிழ்ச் சொல்கூடக் கிடைக்காது.

இதை யுனிகோடுக்கு, அதாவது கணினி தமிழ் எழுத்தாகவே வைத்திருக்கும் முறைக்கு, மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு வரிவரியாகப் படித்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களையும் மாற்றி தமிழாக்கிக் குழப்பிவிடும். விலைப்பட்டியலும் ஒரே படமாகத்தான் இருந்தது. அதையும் எழுத்தாகவே அடித்துப் போட்டோம். தமிழில் தளம் வைத்திருப்பவர்கள் இந்த ஒட்டிப் பார்க்கிற சோதனையைத் தயவுசெய்து இன்றே செய்துவிடுங்கள்.

படங்கள் கேமராவில் எடுத்த அளவிலேயே ஏற்றப்பட்டிருந்தன. போனில் பக்கம் திறப்பதற்குள் வந்தவர் போய்விடுவார். பக்கத்தில் முதலில் கண்ணில் படுகிற மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் என்ன படம் என்று கூகுளுக்குச் சொல்லும் ஒரு வரி மாற்று உரை கொடுத்தோம். எல்லாப் பக்கத்துக்கும் 'முகப்பு' என்றே இருந்த தலைப்பை, அந்தந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று மாற்றினோம்.

அடுத்து எதை எழுதுவது? அதற்கு மாமாவின் போன்தான் வழிகாட்டியது. பட்டறையில் உட்கார்ந்து, வருகிற அழைப்புகளில் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். சதுர அடி என்ன விலை, பாத்ரூமில் போடலாமா, பழைய தரை மேலேயே ஒட்டலாமா, எங்க ஊர் கொத்தனாருக்குப் பதிக்கத் தெரியுமா, பாலிஷ் போடணுமா. சுற்றிச் சுற்றி இவைதான். மாமா ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் விளக்குவார். "இது சூளையில சுடுற டைல்ஸ் இல்லைங்க. கண்ணாடியை ஒட்டி இருந்த பக்கம்தான் மேல்பக்கம், அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. ஆசிட் மட்டும் ஊத்திக் கழுவிடாதீங்க, கலர் போயிடும். நடக்க நடக்க மெருகு தானா ஏறும்." இதை போனில் பதிவு செய்து, அவர் பேசிய வரிசையிலேயே எழுதி, பட்டறையில் எடுத்த படங்களோடு கேள்விக்கு ஒரு பக்கமாகப் போட்டோம். எத்தனை பேர் கட்டுரை எழுதினாலும், இத்தனை வருடம் அச்சைத் தூக்கிய கை சொல்கிற விவரம் அதில் இருக்காது. எங்கள் தளத்தின் பலமே அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு டிசைனுக்கு ஒரு பக்கம், அதில் ஒரு படம், ஒரு வரி என்று பழைய தளத்தில் நிறையப் பக்கங்கள் இருந்தன. இவற்றைப் படித்தேன், ஆனால் சேர்க்கவில்லை என்றது கன்சோல். நியாயம்தான், அவற்றில் ஒன்றுமே இல்லை. அளவு வாரியாகச் சேர்த்து, எந்த மாதிரி அறைக்குப் பொருந்தும் என்ற விவரத்தோடு சில பக்கங்களாக்கினோம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் வண்டியில் இருந்தபடியே மேப்பில் தேடுவார்கள். அதில் வர, கடையின் விவரத்தை மேப்பில் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் வேண்டும். பெயர்ப்பலகை, அச்சுகள், காயப்போட்ட டைல்ஸ் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பி உறுதி செய்தோம். பெயரோடு 'சிறந்த டைல்ஸ், குறைந்த விலை' என்றெல்லாம் சேர்க்கக் கூடாது, பலகையில் உள்ள பெயர்தான். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருவதும் விதிக்கு விரோதம். சரக்கு போய்ச் சேர்ந்து தரை போட்டு முடித்தவர்களுக்கு மாமா வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்புவார், மனமிருந்தால் எழுதுவார்கள்.

இதற்கிடையில் 'முதல் இடம் உத்தரவாதம்' என்று அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு நூற்றுக்கணக்கில் இணைப்பு வாங்கித் தருகிறோம் என்பார்கள். காசுக்கு வாங்கும் இணைப்பு கூகுளின் ஸ்பேம் விதிகளில் வருகிறது. பக்கத்தின் குறியீட்டுக்குள் மறைவாக எழுதும் தேடுசொற்களான மெட்டா கீவேர்டு நிரப்புகிறோம் என்பார்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று 2009-லேயே கூகுள் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல போட்டோகிராஃபரை அழைத்து வரலாம். எங்கள் டைல்ஸ் போட்ட கட்டட வடிவமைப்பாளர்களிடம், தங்கள் தளத்தில் அந்த வீட்டைப் பற்றி எழுதும்போது பட்டறையைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்டோம். சிலர் சந்தோஷமாகச் செய்தார்கள்.

பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம் என்று கூகுள் சொல்கிறது. எங்களுக்கும் முதல் சில மாதங்கள், தேடலிலிருந்து வருகிறவர்களைக் காட்டும் கன்சோலின் கோடு தரையோடு தரையாகத்தான் இருந்தது. அப்புறம் பதிக்கும் முறை பற்றிய பக்கம் மேலே வந்தது, அடுத்து பாத்ரூம் கேள்வி. 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்ற வெறும் தேடலில் இன்னும் பெரிய தளங்கள்தான் முன்னால் நிற்கின்றன. ஆனால் விவரமாகத் தேடுகிறவர்கள் எங்களிடம் வருகிறார்கள், அவர்கள்தான் ஆர்டர் கொடுக்கிறவர்களும். பாலிஷ் பற்றி, ஆசிட் பற்றியெல்லாம் படித்துவிட்டே போன் செய்வதால், பேச்சு நேராக 10 அங்குல டைல்ஸில் எந்த டிசைன், லாரி எப்போது கிளம்பும் என்பதில்தான் தொடங்குகிறது. பெங்களூருவிலிருந்து வரும் விசாரிப்புகளுக்காக அதே கேள்விப் பக்கங்களை இப்போது ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.