குழந்தைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள்?

குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கள ஆய்வாளராகப் பல வருடம் வேலை பார்த்தேன். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, பிறகு திருப்பூர். மாதிரியாக ஒரு கிராமத்தையோ நகரத்தின் ஒரு பகுதியையோ ஒதுக்குவார்கள். முதலில் அங்குள்ள வீடுகளையெல்லாம் பட்டியல் போட வேண்டும். அதில் தேர்வாகும் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து அரிசி, பருப்பு, எண்ணெய் என்று ஆரம்பித்து பஸ் செலவு, மருந்துச் செலவு, பள்ளிக் கட்டணம் வரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும்.

நாட்டில் குழந்தைகளின் பங்கு குறைகிறது, குடும்பங்களின் வரவு செலவு கூடுகிறது. இந்த இரண்டு செய்திகளும் அடுத்தடுத்து வரும்போது, பிள்ளைகள் குறைந்ததால்தான் வசதி வந்தது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்ட எனக்கு விஷயம் அவ்வளவு நேர்க்கோட்டில் தெரியவில்லை. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் எண்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 16.4 கோடி. 2011-இல் இறுதிக் கணக்குப்படி சுமார் 16.45 கோடி. பத்து வருடத்தில் நாட்டின் மக்கள்தொகை 18 கோடிக்கு மேல் கூடியது, சிறு குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்ற கணக்கு 1992-93-இல் 3.4. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில் அது 2.0 ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 1.8. நாட்டின் மக்கள்தொகையில் பதினான்கு வயது வரை உள்ளவர்களின் பங்கு 1971-இல் 41 சதவீதத்துக்கு மேல், 2023-இல் 24 சதவீதம்தான்.

செலவுப் பக்கம் பார்த்தால், 2011-12-இல் கிராமத்தில் தலைக்கு மாதம் 1,430 ரூபாய், நகரத்தில் 2,630. 2022-23-இல் கிராமம் 3,773, நகரம் 6,459. விலைவாசி ஏறியதைக் கழித்துப் பார்த்தாலும் முன்னேற்றம்தான். அதை நான் மறுக்கவில்லை. தாள் படிவத்தோடு நுழைந்த காலத்தில் மண்தரையில் உட்கார்ந்து எழுதிய வீடுகளுக்கே, பிறகு டேப்லெட்டோடு போனபோது டைல்ஸ் தரையும் கிரைண்டரும் வந்திருந்தன.

வருமானம் பற்றிய அறிக்கையாக இல்லாமல் எல்லாம் செலவு பற்றியே இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டில் வருமானத்தைக் கேட்டு வாங்குவது அவ்வளவு கடினம். ஐம்பது, அறுபதுகளில் தேசிய மாதிரி ஆய்வில் முயன்று பார்த்தார்கள். மக்கள் சொன்ன வருமானம் அவர்களுடைய செலவையும் சேமிப்பையும்விடக் குறைவாக வந்தது. அதனால் அந்த முயற்சியைத் தொடரவில்லை. களத்தில் நான் பார்த்ததும் அதேதான். வருமானம் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் உள்ளே போய்ச் சான்றிதழை எடுத்து வருவார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வெகுகாலம் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. பல வீடுகளின் சான்றிதழில் அந்த எண்தான் இருக்கும். அதற்காக அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். நெசவுக்கூலி வாரத்துக்கு வாரம் மாறும், மாம்பழக் குத்தகை ஒரு வருடம் கைகொடுத்தால் அடுத்த வருடம் கைவிடும், நூறு நாள் வேலைக் கூலி எப்போது கணக்கில் ஏறும் என்று தெரியாது. இதில் வருட வருமானம் இவ்வளவு என்று எதைச் சொல்வார்கள்? செலவு அப்படி இல்லை. போன வாரம் எத்தனை லிட்டர் பால் என்று கேட்டால் வீட்டுப் பெண்ணுக்கு விரல் நுனியில் இருக்கும்.

அந்தச் செலவைக் கூட்டி, வீட்டில் உள்ள தலைகளால் வகுத்தால் வருவதுதான் தலைக்கு மாதச் செலவு. ஆறு மாதக் குழந்தையும் ஒரு தலை, செங்கல் சூளையில் வேலை செய்யும் அப்பாவும் ஒரு தலை. இந்த வகுத்தலில்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில் மாதம் 18,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 3,000. அதே 18,000 செலவு செய்யும் வீட்டில் இரண்டே பிள்ளைகள் என்றால் தலைக்கு 4,500. வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வரவில்லை, ஆனால் அறிக்கையில் ஐம்பது சதவீத உயர்வு. ஐரோப்பிய நாடுகளில் முதல் பெரியவரை ஒன்று, அடுத்தவரை அரை, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை 0.3 என்று எடை வைத்து வகுக்கிறார்கள். அந்த முறையில் இதே உயர்வு முப்பது சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். எந்த எடை நம் ஊருக்குச் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் பொருளியல் நிபுணர் இல்லை. ஆனால் ஒரு தலைமுறைக்குள் குடும்பம் இவ்வளவு சுருங்கிய நாட்டில், தலைக்கு வரும் எண் உயர்ந்ததில் ஒரு பங்கு இந்த வகுத்தலால் வந்தது என்பதைச் சொல்லாமல் வரைபடம் போடக்கூடாது.

சரி, பிள்ளைகள் குறைந்த வீட்டில் மிச்சமான பணம் எங்கே போகிறது? இருக்கிற பிள்ளைக்கே போகிறது. ஓமலூர் பக்கம் ஒரு வீட்டில் ஒரே பையன், இரண்டாம் வகுப்பு. அம்மா தறி வேலை. எல்லாம் எழுதி முடித்துக் கிளம்பும்போது அவர் தானாகவே சொன்னார்: "ரெண்டாவது வேணும்னு எனக்கும் ஆசைதாங்க. இவனுக்கு வேன் ஃபீஸ் கட்டவே நாக்குத் தள்ளுது." கொஞ்சம் சொல் மாற்றி இதே பேச்சை எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். வசதி வரும் என்று நினைத்துக் குழந்தையைக் குறைத்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. ஒரு பிள்ளையை ஆளாக்க என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள்தான் அதிகம்.

அவர்களுடைய மாமியார் தலைமுறை வேறு கணக்குப் போட்டது. "பொறந்தது ஏழு, நின்னது நாலு" என்று சாதாரணமாகச் சொல்லும் பாட்டிகளிடம் பேசியிருக்கிறேன். 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2023-இல் அது 25. பிறந்தது தங்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் குடும்பம் சுருங்க முடிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாக்களுக்கும், சத்துணவுக்கும், பெண்கள் பத்தாவது வரையாவது படித்ததற்கும் இதில் உள்ள பங்கைச் செலவுப் படிவத்தில் எழுத ஒரு கட்டம் கிடையாது.

பள்ளிக் கட்டணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அரசாங்கம் செய்யும் செலவு குடும்பச் செலவில் சேராது. 2022-23 சுற்றில் இலவச அரிசி, சைக்கிள், சீருடை, மடிக்கணினி போன்றவற்றுக்கு மதிப்புப் போட்டுத் தனியாகக் காட்டினார்கள். இலவசக் கல்வியையும் மருத்துவத்தையும் சேர்க்கவில்லை. அதனால் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துத் தனியார் பள்ளியில் போட்ட அன்றே அந்த வீடு அறிக்கையில் ஒரு படி மேலே ஏறிவிடும். நகையை அடகு வைத்தும் மகளிர் குழுவில் கடன் வாங்கியும் கட்டிய ஃபீஸாக இருந்தாலும் அது உயர்ந்த வாழ்க்கைத்தரம் என்றே பதிவாகும். தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அங்கன்வாடி டீச்சர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். ஊரில் குழந்தைகள் குறைவு, இருக்கிறவர்களிலும் மூன்று வயதானதும் பாதிப் பேர் டவுனில் எல்.கே.ஜி. மீதிப் பாதியை ஊரில் ஏழைப் பிள்ளைகள் என்கிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை என்றார் அவர். ஒரே கிராமத்துக்குள் பிள்ளைகள் இப்படி இரண்டாகப் பிரிவது எனக்குக் கவலை தருகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. செய்தித்தாளில் சராசரிக் குடும்பம் என்று எழுதும்போது வீடுகளை எண்ணுகிறார்கள், குழந்தைகளை எண்ணுவதில்லை. பத்து வீடு உள்ள ஒரு தெரு. ஐந்து வீட்டில் மாதம் 12,000 ரூபாய் செலவு, வீட்டுக்கு மூன்று பிள்ளைகள். மற்ற ஐந்தில் 30,000 ரூபாய், வீட்டுக்கு ஒரு பிள்ளை. சராசரி வீட்டின் செலவு 21,000. ஆனால் அந்தத் தெருவின் இருபது பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, உன் வீட்டில் எவ்வளவு என்று கேட்டால் சராசரி 16,500. பதினைந்து பிள்ளைகள் வாழ்வது 12,000 ரூபாய் வீட்டில்.

நாடு முழுவதும் இப்படித்தான். 2019-21 ஆய்வில் வசதியில் கடைசி ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் ஒரு பெண்ணுக்கு 2.6 குழந்தைகள், முதல் ஐந்தில் ஒரு பங்கில் 1.6. மாநிலமாகப் பார்த்தால் பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.8. 2022-23-இல் கிராமத்தில் தலைக்கு மாதச் செலவு பீகாரில் 3,384 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310. இந்தியக் குழந்தைகளில் பெரும்பகுதி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால், நாட்டுச் சராசரி என்று நாம் பெருமைப்படும் எண் அவர்கள் சாப்பிடும் தட்டுக்கு மேலே எங்கேயோ இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிகள் காலியாகின்றன, வடக்கே ஒரே வகுப்பறையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காருகிறார்கள். இரண்டையும் கூட்டி வகுத்துத் தேசியப் போக்கு என்று சொன்னால் எந்தக் குழந்தைக்கும் பொருந்தாது.

திருப்பூரில் இது கண்முன்னே தெரிந்தது. பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டிய அறைகள். ஓர் அறையில் ஐந்து பேர், எல்லோரும் பீகார்க்காரர்கள், சேர்ந்து சமைக்கிறார்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம் என்பது எங்கள் வரையறை. ஆக அது குழந்தையே இல்லாத, ஐந்து பேரும் சம்பாதிக்கும் குடும்பம். வருமானத்தைக் கேட்டால் நடுத்தர வர்க்கம் போல இருக்கும். செலவைக் கேட்டால் அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, அறை வாடகை, போன் ரீசார்ஜ், அவ்வளவுதான். மீதி எல்லாம் ஊருக்குப் போய்விடும், ஊருக்கு அனுப்பும் பணம் செலவில் சேராது. அவர்களில் நன்றாகத் தமிழ் பேசியவர் செல்போனில் மகள் படத்தைக் காட்டி, "ஆறு வயசு, அக்கா. பாட்டிகூட இருக்கு" என்றார். அந்தப் பெண் பீகாரில் ஏதோ ஒரு கிராமத்தில் பாட்டி வீட்டுக் கணக்கில் வருவாள். அவளுக்காக உழைக்கிற கை இன்னொரு மாநிலத்தில், குழந்தை இல்லாத குடும்பத்தின் கணக்கில். வரையறையில் தவறு இல்லை. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் இப்படிப் பிரிந்து வாழும் நாட்டில், குழந்தையின் எண்ணிக்கையையும் குடும்ப வரவையும் சேர்த்துப் படிக்கும் எவரும் இந்தக் கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கே இல்லாமல் இருந்த வருடங்கள் இன்னும் மோசம். 2017-18 செலவு ஆய்வின் முடிவை அரசு வெளியிடவில்லை. 2021-இல் வர வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக வைத்து அறிவிக்கப்பட்டது. 2011-இல் பிறந்த குழந்தை பிளஸ் டூ வயதை நெருங்கும் வரை, எந்த ஊரில் எத்தனை குழந்தை என்ற முழுக் கணக்கு நம்மிடம் இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரேஷன் பயனாளிகளின் எண்ணிக்கை 2011 கணக்கை வைத்தே முடிவானது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் அந்த உச்சவரம்புக்குள் இடம் கேட்டு நிற்கிறார்கள். தரவு தாமதமானால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

தேசிய அளவில் குடும்ப வருமான ஆய்வு ஒன்றை 2026-இல் நடத்துவதாகப் புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. முடிவை வெளியிடும்போது வீடுகளின் சராசரியோடு குழந்தைகளின் சராசரியையும் ஒரு அட்டவணையாகத் தர வேண்டும் என்பதே என் ஆசை. ஆறு வயதுக்குட்பட்டவர்களில் எத்தனை சதவீதம் எந்த வருமான அடுக்கில் வாழ்கிறார்கள் என்று பார்க்கப் புதிய கேள்வி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு உறுப்பினரின் வயதையும் எப்படியும் எழுதுகிறோம், அதை வைத்தே அட்டவணை போட்டுவிடலாம். குடும்பத்தை விட்டு வந்து வேலை செய்பவர்களிடம் மட்டும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்: உங்கள் பிள்ளைகள் எங்கே, யாரோடு இருக்கிறார்கள்?

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் சில சமயம் என்னிடம் யோசனை கேட்பார்கள். கல்விச் செலவு மொத்தம் எவ்வளவு என்று கேட்காதே என்பேன். அப்பா வாயில் வருவது ஃபீஸ் மட்டும்தான். வேன், டியூஷன், நோட்டு, ஷூ, ஆண்டு விழாவுக்கு வாங்கிய உடை, தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக அம்மாவிடம் கேள், முடிந்தால் பிள்ளை பள்ளியிலிருந்து வந்த பிறகு கேள். அம்மா மறந்ததைப் பிள்ளை எடுத்துக் கொடுக்கும். அப்புறம், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று படிவம் கேட்காவிட்டாலும் கேள். அடகுக் கடையா, குழுக் கடனா, சம்பளமா என்று குறிப்புப் பகுதியில் இரண்டு வரி எழுதிவை.