ஆகஸ்டில் யெல்லோஸ்டோன்: ஆறு தேர்ந்தெடுத்த கதை

ஆகஸ்ட் முதல் வாரம், ஐந்து நாள் லீவு, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஃப்ளை ஃபிஷிங், அதாவது பூச்சி போலக் கட்டிய போலி இரையை வீசி மீன் பிடிப்பது. இதுவரை முடிவாகிவிட்டது. எந்தத் தண்ணீர் என்பதில்தான் எனக்கும் நண்பருக்கும் இரண்டு வாரம் இழுபறி. அவருக்கு ஃபயர்ஹோல் ஆறுதான் வேண்டும். கரையெல்லாம் வெந்நீர் ஊற்று ஆவி பறக்க, நடு ஆற்றில் ஒருவர் தூண்டில் வீசும் படத்தைப் பார்த்து மயங்கியிருந்தார். நானும்தான், பொய் சொல்வானேன்.

சிக்கலே அந்த ஆவியில்தான். ஊற்று நீரெல்லாம் ஆற்றில்தான் கலக்கிறது. ஜூனில் பரவாயில்லை, நடுக்கோடையில் ஆறு சூடேறிவிடும். ட்ரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும். 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால், பிடித்துத் திரும்ப விட்டாலும் பிழைப்பது சந்தேகம். முதல் நாள் மதியம் நூலில் கட்டிய தெர்மாமீட்டரை ஃபயர்ஹோலில் இறக்கி இரண்டு நிமிடம் வைத்திருந்தோம். 75. தூண்டிலைக் காரிலிருந்து எடுக்கவே இல்லை.

சரி, வடகிழக்கு மூலைக்குப் போவோம் என்றேன். லமார் ஆறு பனி உருகும் காலத்தில் கலங்கி ஓடி, ஜூலையில்தான் தெளியும். ஆனால் ஒரு இடிமழை போதும், மறுபடி சேறு. அரசு அளவுநிலையத்தின் நீரோட்டக் கிராஃபை இரவு பார்த்தால் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. லமார் போச்சு. ஏரிக்கு, பூங்காவுக்கு வெளியே ஹெப்கனை யோசித்தோம். அதற்கு மொன்டானா உரிமம் தனியாக வாங்க வேண்டும். ஐந்து நாளுக்கு இரண்டு உரிமம் வீண்செலவு என்று பட்டது. அதை விட்டுவிட்டு, சாலையிலிருந்து அரை மைல் ஏறினால் வரும் சின்ன ட்ரவுட் லேக்கை வைத்துக்கொண்டோம். ஆற்றுக்கு ஸ்லூ கிரீக்.

அப்புறம், ஆற்றில் இறங்கப் போடும் ஷூ. நண்பருடையது கம்பளி அடி போட்டது. ஈரக் கம்பளியில் நோய்க்கிருமிகள் ஒட்டி வேறு ஆற்றுக்குப் போகும் என்று பூங்காவில் அதற்குத் தடை. புலம்பிக்கொண்டே ரப்பர் அடி வாங்கினார்.

ஸ்லூ கிரீக்கின் முதல் புல்வெளிக்கு இரண்டு மைல் நடை, இடுப்பில் கரடி ஸ்ப்ரே. தண்ணீர் 58. கால் வைக்கும் இடமெல்லாம் வெட்டுக்கிளி தெறித்தது, அதனால் இறகாலும் நூலாலும் கட்டிய வெட்டுக்கிளியையே வீசினேன். இங்கிருக்கும் ட்ரவுட் வகையான கட்த்ரோட் அவசரப்படாது. அடியிலிருந்து மெல்ல எழும்பி, மூக்கைத் தூக்கி, யோசித்து வாயைத் திறக்கும். நான் அதற்குள் இழுத்துவிடுவேன். மூன்று முறை வெறும் முள்தான் வந்தது.

“வாயை மூடட்டும்யா!” பின்னாலிருந்து நண்பர்.

நான்காவது மாட்டியது. தாடைக்கடியில் சிவப்புக் கீற்று, முழங்கை நீளம். இந்த மண்ணுக்கே உரிய மீன், பூங்கா விதிப்படி விட்டேயாக வேண்டும்; தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றினேன். வாலை ஒருமுறை அடித்து என் முகத்தை நனைத்துவிட்டுப் போனது.

திரும்பும் வழியில் நண்பர், “அடுத்த வருஷம் ஃபயர்ஹோல்” என்றார். ஜூனில் என்றால் சரி என்றேன்.