சிக்னல் ஏறிவிட்டது, சரி, எதனால் ஏறியது?

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போடும் வழக்கமான கடோலினியம் மருந்து, போன இடமெல்லாம் பளிச்சென்று காட்டும். துத்தநாகத்தையோ கால்சியத்தையோ கண்டால் மட்டும் பளிச்சிட வைப்பதுதான் இங்கே வேலை. காகிதத்தில் எளிது. கடோலினியத்துக்கு ஒன்பது பிடி. எட்டை லிகண்ட், அதாவது உலோகத்தைச் சுற்றிப் பிடிக்கும் மூலக்கூறு, பிடித்துக்கொள்ள, ஒன்பதாவதில் தண்ணீர் வந்து வந்து போகும். சிக்னலை ஏற்றுவது அந்தத் தண்ணீர்தான். அந்த வாசலை மறித்து நிற்கும் லிகண்டின் கை, துத்தநாக அயனியோ கால்சிய அயனியோ வந்ததும் விலக வேண்டும். 1999-ல் தாமஸ் மீட் குழுவின் கால்சியம் மூலக்கூறில் ரிலாக்ஸிவிட்டி (ஒரு மில்லிமோலார் மருந்து சிக்னலை ஏற்றும் திறன்) 3.26-லிருந்து 5.76-க்கு ஏறியது இப்படித்தான்.

பெங்களூரு ஆய்வகங்களில் ஜூன் மழை தொடங்கினால் எடை பொய் சொல்லும். கடோலினியம் குளோரைடு ஈரம் குடிக்கும். லிகண்டிலும் அதன் தயாரிப்பின் கடைசிப் படியில் போட்ட டிரைஃபுளூரோஅசெட்டிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே செறிவைத் தராசை நம்பி எழுதக் கூடாது. என்.எம்.ஆர். குழாயில் டெர்ட்-பியூட்டனால் விட்டு, கடோலினியத்தின் காந்தத்தால் அதன் சிக்னல் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும் எவான்ஸ் முறையில் பாருங்கள்: அறை வெப்பத்தில் ஒரு மில்லிமோலார் கடோலினியத்துக்குச் சுமார் 0.11 பி.பி.எம். நகரும், 400 மெகாஹெர்ட்ஸில் 44 ஹெர்ட்ஸ்.

கடோலினியம் ஏற்றும்போது அவசரம் ஆகாது. பி.எச். 5.5-க்கும் 6-க்கும் நடுவில், 60 டிகிரியில், குளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இரவு முழுக்கக் கலக்க வேண்டும். லிகண்ட் பிடிக்கப் பிடிக்க அமிலம் வெளியேறி பி.எச். இறங்கும். பொறுமை இழந்து சோடியம் ஹைட்ராக்சைடைக் கவிழ்த்தால் 7-ஐத் தாண்டி, ஹைட்ராக்சைடு வெள்ளையாகத் திரியும்.

மிச்சக் கடோலினியம் இருக்கிறதா என்று அறிய, பி.எச். 5.8-ஐ மாறாமல் வைக்கும் அசெட்டேட் பஃபரில், உலோகத்தைக் கண்டால் நிறம் மாறும் ஸைலினால் ஆரஞ்சு சாயம். மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் நிம்மதி. ஊதா தட்டினால் உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் செலெக்ஸ் பிசினில் இன்னொரு முறை ஓட்ட வேண்டியதுதான். தனிக் கடோலினியத்தைச் சுற்றி எட்டுத் தண்ணீர். அதன் ரிலாக்ஸிவிட்டி மருந்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு.

துத்தநாகம் சேர்த்ததும் "ஆன் ஆயிடுச்சுடா!" என்று பக்கத்து பெஞ்சில் சத்தம் கேட்கும். லிகண்ட் பலவீனமானதாக இருந்தால், துத்தநாகம் கடோலினியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். அதுவும் சிக்னலை ஏற்றும். இங்கே ஸைலினால் உதவாது; துத்தநாகமே அதை ஊதாவாக்கிவிடும். இதற்குப் பாஸ்பேட் பஃபரில் 2.5 மில்லிமோலார் மருந்து, அதே அளவு துத்தநாகம் வைத்து, 37 டிகிரியில் மூன்று நாள் 1/டி1 பாருங்கள் (டி1 என்பது தண்ணீரின் காந்தம் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்; மருந்து அதைக் குறைக்கும்). வெளியே வந்த கடோலினியம் பாஸ்பேட்டோடு படிந்துபோவதால் எண் நாளுக்கு நாள் இறங்கும். அயனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அளக்கும் டைட்ரேஷனை மட்டும் ஹெப்பிஸ் பஃபரில் செய்யுங்கள். இரண்டு தண்ணீர் வாசல் உள்ள மூலக்கூறில் பாஸ்பேட்டே ஒன்றை அடைத்துக்கொள்ளும்.

வெறும் பஃபரின் டி1 37 டிகிரியில் நாலு விநாடிக்கு மேல். ஆகவே டி1 அளக்கும் இன்வெர்ஷன் ரெகவரி முறையில் ஒரு அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருபது விநாடியாவது விட வேண்டும். ஐந்து விநாடியில் முடித்துக்கொண்டு, பிறகு செறிவுக்கு எதிரே வரைந்த 1/டி1 கோடு ஏன் வளைகிறது என்று கேட்பவர்கள் ஏராளம்.

உடலுக்குள் போனால் செறிவே தெரியாது: மருந்து விழித்ததா, அங்கே கூடுதலாகச் சேர்ந்ததா? ஒப்பிட்டுப் பார்க்க, வாசலை மறிக்கும் அந்தக் கை இல்லாத ஜோடி மூலக்கூறையும் முதல் நாளிலிருந்தே கூடவே செய்து வையுங்கள். எலிக்கு ஊசி போடும் வாரத்தில் அதைச் செய்ய நேரம் இருக்காது.