போறணையைச் சுற்றி ஒரு பாடத்திட்டம்

திருகோணமலையில் முகாமைத்துவ டிப்ளோமா மாணவருக்கு 'செயற்பாட்டு முகாமைத்துவம்' எடுக்கப் போன முதல் வருடம், பாடநூலின் அத்தியாய வரிசைதான் என் பாடத்திட்டம். எதிர்வுகூறல், அமைவிடம், இருப்பு, காத்திருப்பு வரிசை, தரம் என்று வாரத்துக்கொன்று. பரீட்சையில் இருப்பையும் வரிசையையும் கோத்து ஒரு கேள்வி போட்டேன். பாதிப்பேர் ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்குக்குக் கட்டளை (ஓடர்) கொடுத்தால் சிக்கனம் என்று சொல்லும், 1913இல் ஹாரிஸ் எழுதிய ஈஓகியூ சூத்திரத்தை அச்சொட்டாக இறக்கிவிட்டு, கேள்வியைத் தொடாமலே விட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கொடுத்தவன் நான்.

அந்த விடுமுறையில் தலைப்புகளைத் துண்டுத் தாளில் எழுதி விறாந்தையில் பரப்பினேன். ஒவ்வொன்றையும் எடுத்து, 'இதை விட்டால் அடுத்து எது விழும்?' என்று பார்த்தேன். அமைவிடத்தை எடுத்தேன், எதுவுமே விழவில்லை. மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் வெட்டினேன்.

மிஞ்சியதைக் கட்டிப்போட ஒரு முளை வேண்டுமே. உப்புவெளிப் பக்கம் ஒரு பேக்கரி முதலாளி சம்மதித்தார். விடியப்புறம் மாணவர்களுடன் போய் நின்றோம். போறணையிலிருந்து மணிக்கு 120 பாண் வருகிறது. குழைத்து அச்சில் வைத்த மா 180 காத்திருக்கிறது. காத்திருப்பதை வெளிவரும் வேகத்தால் வகுத்தால் காத்திருப்பு நேரம் என்பது 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி; அதன்படி ஒன்றரை மணிநேரம். ஒரு மாணவன் கடைசி அச்சுகளை விரலால் தொட்டுப் பார்த்தான். பொங்கி முடிந்து, நடுவில் அமுங்கத் தொடங்கியிருந்தன.

"வேலை பிந்துது, மா குழைக்க இன்னொராளை எடுக்கப் போறன்" என்றார் முதலாளி.

"எடுத்தா இன்னும் கூடத்தான் அமுங்கும், முதலாளி" என்றான் அவன். இடறல் போறணையில்தான்; குழைப்பதைக் கூட்டினால் காத்திருப்புத்தான் கூடும். என் இரண்டு மணிநேர விரிவுரை அதில் அடங்கிவிட்டது.

பாடங்களின் ஒழுங்கு அதிலிருந்து தானாக வந்தது. முதலில் ஓட்டம். பிறகு ஏற்ற இறக்கம்: 450 கிராம் இருக்கவேண்டிய பாண்களைத் தராசில் வைத்து, எது வழக்கமான ஏற்ற இறக்கம், எது கோளாறு என்று பிரித்துக் காட்ட ஷூவார்ட் 1924இல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்தில் குறித்தோம். அந்த ஏற்ற இறக்கத்தை இருப்பால் தாங்குவதா, கொள்ளளவால் தாங்குவதா, வாடிக்கையாளரைக் காக்க வைத்துத் தாங்குவதா என்பதுதான் மற்ற எல்லா வாரமும். வரிசைக்கு, பாலம் வருமுன் கிண்ணியாவில் 'பாதை' என்ற மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்த கதையை மூத்த மாணவர்களே சொன்னார்கள். எதிர்வுகூறலைக் கடைசிக்குத் தள்ளியதில் சக விரிவுரையாளர் ஒருவருக்கு உடன்பாடில்லை. கணிப்பு பிழைத்தால் எது தாங்கும் என்று தெரியாதவனுக்குக் கணிப்பு வெறும் கணக்கு என்பது என் கட்சி.

ஈஓகியூ சூத்திரத்திலும் இடறினோம். "மா ஆலை சீனக்குடாவில இருக்கேக்க என்னத்துக்கு சேர் கிடங்கு நிரப்போணும்?" என்று ஒருத்தி கேட்டாள். கட்டளைச் செலவு குறைந்தால் கட்டளை அளவும் குறையும் என்பதை அவளே கண்டுபிடித்தாள்.

எல்லாம் சரிவரவில்லை. நிலாவெளி ஹோட்டலில் வேலை செய்யும் மாணவி ஒருத்தி முடிவில் வந்து சொன்னாள்: "விக்காத பாணை ரஸ்க் ஆக்கலாம் சேர். இண்டைக்கு விக்காத ரூமை நாளைக்கு என்ன செய்யிற?"

அடுத்த தவணைக்கு 12ஆம் வாரத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.