ஊருணிக்கு ஒரு கேட்வே

கேட்வேன்னா சென்சார் ரேடியோவுல அனுப்புறத வாங்கி நெட்டுக்கு அனுப்புற பெட்டி. அதோட ஆன்டெனாவ மொட்டமாடி கம்பத்துல ஏத்திக் கட்டுனதுமே ஊருணி சென்சார் பேச ஆரம்பிச்சிருச்சு, தண்ணி மட்டம் அண்ணன் போன்ல வந்து விழுகுது!

கீழ வளவுல, அதான் உள் முற்றத்துல, வச்சப்ப ஒன்னுமே வரல. கானாடுகாத்தான் வீட்டு சுவரு அவ்ளோ கனம்.

கேட்வே வாங்குறவங்க தயவுசெஞ்சு விலைய மட்டும் பாக்காதீங்க. ஒத்த சேனல் பெட்டி சல்லிசா கிடைக்கும், ஆனா லோராவான்ங்கிற, கம்மி கரண்டுல ரொம்ப தூரம் அனுப்புற ரேடியோ முறையில ஓடுற இந்த சென்சார் சேனல் மாத்தி மாத்தி அனுப்பும், அந்தப் பெட்டி ஒரு சேனல மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தா மிச்சமெல்லாம் காத்தோட போயிரும். 8 சேனல் உள்ளதுதான் சரி.

நம்ம நாட்டுல லோராவானுக்கு அலைவரிசை 865-867 மெகாஹெர்ட்ஸ், அதையும் பாத்துக்கங்க.

ஊருணில எவ்ளோ தண்ணி இருக்குன்னு ஊருல எல்லாருக்கும் தெரியணும்ங்க, கோடைக்கு முன்னாடியே தெரியணும்.

நெட் அடிக்கடி போற ஊருன்னா சிம் போடுற மாடலே எடுங்க.