கடியப்பட்டணத்துப் பாறையில் ஓர் ஓடில்லா நத்தை

குமரி மாவட்டக் கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் சிப்பி எடுக்க மூழ்கும் என் மாமா, சென்ற மாசி மாதம் ஒரு நாள் காலையில், சிப்பிக் கொத்தோடு ஒட்டிவந்த விரல் நீள உயிர் ஒன்றைக் கடல்நீர் நிறைத்த வாளியில் போட்டுக் கொண்டுவந்தார். கறுத்த உடம்பில் நீலச்சாம்பல் நிற வரம்புகள் நெடுக ஓடின. அவற்றின்மேல் மஞ்சள் முனையுள்ள கொப்புளங்கள் வரிசையாக எழும்பி நின்றன. தலைப்பக்கம் நீண்டிருந்த இரண்டு மஞ்சள் கொம்புகளும் என் விரல் பட்டதும் உள்ளே போய்விட்டன. "அட்டையாக்கும் மக்களே, கையில எடுக்காத" என்றார் மாமா.

அவர் தயங்கியதில் நியாயம் உண்டு. கடல் அட்டைகள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பிடிக்கக் கூடாத உயிர்களாக இருப்பதால், அட்டை என்ற சொல்லைக் கேட்டாலே கரையில் உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் வாளியில் இருந்தது நத்தை. அட்டை நட்சத்திர மீனுக்கு உறவு. இதுவோ சிப்பிக்கும் சங்குக்கும் கணவாய்க்கும் உறவு. முட்டையிலிருந்து வெளிவரும்போது நுண்ணிய ஓடு ஒன்று இதற்கு இருக்கும். வளரும்போது அதைக் கழற்றிவிடும். 1801இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் இதற்கு ஃபிலிடியா வேரிகோசா என்று பெயரிட்டார். செங்கடல் தொடங்கிப் பசிபிக்கின் நடுப்பகுதி வரை, வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் இது வாழ்கிறது.

பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் பாறைக்குழியில் பிடித்த நான்கு சிறு மீன்களையும் அதே வாளியில் விட்டது நான் செய்த தவறு. நண்பகலுக்குள் நான்கும் வயிறு மேலாக மிதந்தன, நீரிலிருந்து காரமான வீச்சம் எழுந்தது, நத்தை மட்டும் வாளியின் சுவரில் நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த மீன்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இந்த நத்தை நஞ்சைச் சுரக்கிறது என்பதை ஜோஹன்னஸ் என்ற ஆய்வாளர் 1963இலேயே எழுதியிருக்கிறார். அந்த நஞ்சின் மூலக்கூறு அமைப்பை 1975இல் ஷோயர் என்ற வேதியியலாளரின் குழுவினர் வெளியிட்டார்கள். நத்தை மேய்ந்த கடற்பஞ்சிலும் (பாறையில் ஒட்டி வாழும் எளிய விலங்கு) அதே சேர்மம் இருந்ததை அவர்கள் கண்டார்கள். நத்தைக்கு அரத்தைப் போன்ற நாக்கு இருப்பது வழக்கம். இதற்கு அது கிடையாது. செரிமான நீரைப் பஞ்சின்மேல் கக்கி, கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கிறது; பஞ்சு தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருந்த நஞ்சு அப்படியே இதன் தோலில் வந்து சேர்ந்துவிடுகிறது. இவ்வளவு பளிச்சென்ற நிறத்தோடு பட்டப்பகலில் பாறைமேல் இது திரிவதற்குக் காரணம் அந்த நஞ்சுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்த செய்தி வேறொன்று. பவளப்பாறைகளில் வாழும் ஒரு கடல் அட்டை இனத்தின் குஞ்சு, இந்த நத்தைக் குடும்பத்தின் நிறத்தையும் கொப்புளங்களையும் அப்படியே பூண்டுகொள்கிறது. கசப்பான நத்தை என்று எண்ணி மீன்கள் அதை விட்டுவிடுகின்றன. வளர்ந்தபின் அந்த வேடத்தைக் களைந்து பழுப்பாகிவிடுகிறது. ஆகவே மாமா குழம்பியதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரித்தறிய வேண்டுமானால் அடிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அட்டைக்கு அங்கே குழாய்க்கால்கள் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு நத்தையை மெல்லத் திருப்பினேன்: வழவழப்பான சாம்பல் நிறப் பாதம், அதன் நடுவில் தலையிலிருந்து வால்வரை ஒரே ஒரு கறுப்புக் கோடு. மாமா அருகில் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார். மாலையில் நீர் வற்றியபோது, சிப்பிக் கொத்தைப் பெயர்த்த அதே பாறையின் நிழல்பக்கத்தில், கடற்பஞ்சு அப்பியிருந்த இடத்தில் அவரே கொண்டுபோய் விட்டுவந்தார்.