வைவாவில் நான் கவிழ்ந்த கேள்வி: ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக் குழாய் என்ன செய்யும்?

முதலாண்டு எம்.பி.பி.எஸ். ஃபிசியாலஜி (உடலியங்கியல்) வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. தலைப்பில் இருக்கும் கேள்வியைக் கேட்டார்கள். "விரியும்" என்று பட்டென்று சொன்னேன். "நுரையீரலிலுமா?" என்றார் தேர்வாளர். அதற்கப்புறம் எனக்குப் பேச்சே வரவில்லை.

விடை தெரியாமல் இல்லை. மற்ற இடங்களில் விரிவது, நுரையீரலில் சுருங்குவது, இரண்டையும் தனித்தனிப் பாடமாக உருப்போட்டிருந்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஜூனியர்களுக்கு நான் சொல்வது, வாயைத் திறக்கும் முன் "எந்தக் குழாய், அதன் வேலை என்ன?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தசையிலும் இதயத்திலும் ஓடுவது ஆக்சிஜனைக் கொடுக்கப் போகும் ரத்தம். பற்றாக்குறை வந்தால் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரும், குழாய்த் தசையில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்களான பொட்டாசியம் சேனல்கள் திறக்கும், குழாய் விரியும். நுரையீரலுக்குப் போவதோ வாங்கப் போகும் ரத்தம். காற்று வராத காற்றறைக்கு அதை அனுப்பி என்ன பயன்? அங்கே பொட்டாசியம் சேனல்கள் மூடிக்கொள்ளும், கால்சியம் உள்ளே வரும், குழாய் சுருங்கும். ரத்தம் காற்றோட்டமுள்ள பக்கம் திரும்பும். 1946-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஆய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் பூனைகளில் காட்டியது இது. முக்கியமாகக் காற்றறையின் ஆக்சிஜன்தான் இதைத் தூண்டுகிறது என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.

அடுத்து தேர்வாளர்கள் கேள்வியை மலை உச்சிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே எல்லாக் காற்றறையிலும் ஆக்சிஜன் குறைவு. நுரையீரல் முழுக்கக் குழாய்கள் சுருங்கினால் நுரையீரல் தமனியின் அழுத்தம் ஏறும், சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கால்சியம் உள்ளே வருவதைத் தடுக்கும் நிஃபெடிபின் மருந்து இதற்கு ஏன் உதவுகிறது என்று கேட்டால், மேலே சொன்ன கால்சியத்துக்குப் போங்கள்.

குளிர் என்றதும் சிம்பதெடிக் நரம்பு (குழாய்களைத் தானாகச் சுருக்கும் நரம்பு), தோல் குழாய் சுருக்கம் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதோடு நிறுத்தாதீர்கள். ஐஸ் தண்ணீரில் விரலை வைத்திருந்தால் 5 முதல் 10 நிமிடத்தில் குழாய் திறந்து விரல் சூடாகும், மறுபடி சுருங்கும். இதுதான் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-இல் விவரித்த ஹன்டிங் ரியாக்‌ஷன். ஹாஸ்டலில் ஒரு பக்கெட் ஐஸில் செய்து பார்த்தோம். வலியில் உயிர் போனது. நண்பன் இரண்டாவது நிமிடமே கையை எடுத்துவிட்டான். எனக்குக் கொஞ்ச நேரத்தில் விரல் நுனி சிவந்து, வலியும் குறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பத்தியைப் படிக்கவே தேவைப்படவில்லை. (குளிரில் விரல் வெளுத்துப்போகிறவர்கள் இந்த விளையாட்டுக்கு வராதீர்கள்.)

துணைத் தேர்வில் நுரையீரலைத் தொடவே இல்லை. "குளிரில் ஏன் சிறுநீர் அதிகம் போகிறது?" என்றார்கள். தோல் குழாய் சுருங்கினால் அங்கிருந்த ரத்தம் எங்கே போகும் என்று யோசித்தேன். உடலின் உட்பகுதிக்கு; அங்கே ரத்தம் கூடினால் சிறுநீரகம் அதிக நீரை வெளியேற்றும். மீதி தானாக வந்தது.